கலங்கல் அடைச்ச வூடு

வாடா பேராண்டி, திண்ணையில குந்து. மூஞ்சி ஏன் மழைக்கு மறுநா தாம்பரம் சப்வே மாதிரி கெடக்கு?

பாட்டி சொன்னா. மூணு நாளா புருஷன் பொண்டாட்டிக்குள்ள பேச்சு கெடையாதாம். ஹால்ல நீ, ரூம்ல அவ, நடுவுல வாட்ஸப். 'பால் இல்ல'ன்னு அவ அனுப்பினா, நீ கட்டைவிரல் படம் போட்டியாமே? எங்க காலத்துல கட்டைவிரல பத்திரத்துல வெச்சாதான்டா குடி கெடும். உனக்கு போன்லயே கெடுது.

கேட்டா, "நான் எல்லாத்தையும் உள்ளயே வெச்சுக்கறவன் தாத்தா"ங்கற. பெரிய செம்பரம்பாக்கம் ஏரின்னு நெனப்பு. அதுக்கே ஷட்டர் வெச்சிருக்கான்டா!

செம்பாக்கம் ஏரிக்குக் கீழ நமக்கு ரெண்டு காணி இருந்துச்சு. நீ பொறக்கறதுக்கு முன்னயே அது பிளாட்டாயிடுச்சு, வுடு. ஏரின்னா மதகு ஒண்ணு, கலங்கல் ஒண்ணு. மதகு நாம தொறந்து வுடறது, வயலுக்குப் போவும். கலங்கல் நம்ம உத்தரவெல்லாம் கேக்காது. ரொம்பினா தானா வழியும். கரைய வுட கொஞ்சம் தாழ்வா கல்லு கட்டியிருப்பான். எவ்ளோ தாழ்வுங்கறதுலதான் வித்தையே. ரொம்ப ஒசத்திட்டா கரை ஒடையும், அது நீ. ரொம்பத் தாழ்த்திட்டா தண்ணியே நிக்காது. அது உங்க மாமா, காபியில சக்கரை கம்மின்னாலே தெருவே கேக்கற மாதிரி கத்துவான்.

வழிஞ்ச தண்ணியும் வீணா போவல. செம்பாக்கத்துலேர்ந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசில பள்ளிக்கரணை சதுப்புன்னு ஒண்ணோட பாரத்த இன்னொண்ணு வாங்கிக்கும். நடுவுல வாய்க்காலத் தூத்து பிளாட் போட்டான் பாரு, பேரு மட்டும் 'லேக் வியூ'. 2015 டிசம்பர் மொதல் தேதி, தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் கொட்டுச்சு. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் தெருவுல படகு வுட்டாங்க. காசு குடுத்து வாங்கின வியூ நேரா ஹாலுக்கே வந்து சோபாவுல குந்திச்சு.

சரி, உன் பொண்டாட்டி கதைக்கு வரேன். அவ ஆபீஸ்ல எவனோ இன்னமோ சொல்லிட்டான்னு அழுதா. நீ இன்னா சொன்ன? "வேலைய வுட்டுடு"ன்ன. யோசனை! அவ கலங்கினா, நீ கலங்கலையே அடைச்சுட்ட.

சிரிக்காத, நானும் அந்த ஜாதிதான். உன் பாட்டியோட தம்பி செத்தப்போ, பதினாறு முடிஞ்சும் அழுதுட்டிருந்தா. நான் பெரிய மனுசன் மாதிரி, "போனவன் போயிட்டான், சோத்தைத் தின்னு"ன்னேன். கண்ணைத் தொடைச்சிக்கிட்டு எழுந்து போயிட்டா. தேறிட்டான்னு நெனச்சேன். ஒரு நா விடிகாலைல கொட்டாய் பக்கம் போறேன், தவிட்டுத் தண்ணி கலக்கிக்கிட்டே பசு மாட்டுக்கிட்ட சொல்லிட்டிருக்கா, தம்பி சின்னப் புள்ளையில ஈச்சம்பழம் பறிக்கப் போயி முள்ளு குத்திக்கிட்டு வந்த கதைய. மாடு இன்னா பண்ணுச்சு? அசை போட்டுச்சு. நடுவுல காதை ஒரு ஆட்டு. அவ்ளோதான். முழுக்கதையும் கேட்டுது. ரெண்டு மாசம் அப்படித்தான் ஓடுச்சு. அந்த மாட்டை வித்தப்போ என்னைத் திட்டினா பாரு, அப்பதான் எனக்கு உறைச்சுது.

தாத்தன் மாட்டுக்கதை சொல்றான்னு நெனைக்காத. லட்சுமி விஜயகுமார்னு ஒரு மனநல டாக்டரம்மா, 1986ல நம்ம பட்டணத்துல 'சிநேகா'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. உசுர மாய்ச்சுக்கலாம்னு நிக்கறவங்க போன் போட்டுப் பேசற எடம். எடுக்கறது டாக்டருங்க இல்ல, தொண்டருங்க. அவங்க படிச்சுக்கற பாடமே காது குடுக்கறதுதான், புத்தி சொல்றது இல்ல. நம்மூட்டு மாடு பயிற்சி இல்லாமயே பாஸ் பண்ணிடுச்சு.

ஆனா ஒண்ணு. தூக்கம் வாரக்கணக்கா வரல, சோறு எறங்கல, இருந்து இன்னா பிரயோசனம்னு நெனப்பு ஓடுதுன்னா, அது கரையிலயே ஓட்டை. அதுக்கு நானும் பத்தமாட்டேன், மாடும் பத்தாது. 14416க்கு அடி. டெலி மானஸ்னு 2022ல சர்க்கார் தொடங்கினது. ராத்திரி பகல் எப்ப வேணா தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.

வெக்கமா? 1928ல சௌரி முத்து டாக்டர் இங்க தாம்பரத்துல காசநோய்க்குன்னு ஆஸ்பத்திரி கட்டினாரு, சானடோரியம்னு. பின்னால எங்க சித்தப்பா அங்க படுத்திருந்தப்போ, வூட்ல எல்லாரும் "திண்டிவனத்துல வேலைக்குப் போயிருக்காரு"ன்னுதான் சொன்னோம். அவ்ளோ கூச்சம். இப்ப பாரு, அதே பேருல ரயில்வே ஸ்டேஷன். "சானடோரியம் ஒண்ணு குடு"ன்னு கவுன்டர்ல கூச்சமில்லாம கேக்கறான்.

அதனால நீ இன்னா பண்ற, இன்னிக்கு சாயந்திரம் அந்த போனைத் தூக்கி பரண்மேல...

இரு, பாட்டி குரல் குடுக்கறா.

"புள்ள வந்ததுலேர்ந்து நீயே பேசிட்டிருக்கியே, அவன் வாயத் தொறந்தானா?"ங்கறா.

சரிடா. காதை ஆட்டறேன். சொல்லு.