மல்லிச்செடி மாமா

மாகறல் பக்கம் தறியை ஏறக்கட்டிவிட்டு டொராண்டோவுக்கு மகனோடு போய்விடும் மாமாக்களில் இப்படி ஒரு ரகம் உண்டு. ஊரில் இருந்தவரை கிணற்றடி மல்லிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியவரில்லை. பாத்திரம் கழுவின தண்ணீரிலேயே அது பங்குனி தொடங்கிப் பூத்துத் தள்ளியது. இவரோ பட்டுப்புடவையில் மல்லிமொக்கு நெய்துகொண்டிருந்தார். நிஜ மொக்கைப் பார்க்க நேரமேது?

ஸ்கார்பரோ தமிழ்க்கடையில் ஒரு சாண் மல்லிக்கன்றின் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்த நிமிஷம் பக்தி பிறக்கிறது. செப்டம்பரில் ராத்திரிக் குளிர் 10 டிகிரிக்கு இறங்கியதும் தொட்டி வீட்டுக்குள் வந்துவிடும். மே மாதம் விக்டோரியா தினம் தாண்டி, உறைபனி பயம் போகும்வரை தெற்கு ஜன்னல் அதற்குத்தான். பேத்தியின் படிப்பு மேசை நடைக்குப் போகும். பேத்தி இருமினால், "கஷாயம் கொடும்மா" என்று பேப்பரைப் புரட்டுவார். இலையடியில் வெள்ளையாக மாவுப்பூச்சி தெரிந்தாலோ பூதக்கண்ணாடி, பஞ்சு, ஸ்பிரிட் சகிதம் உட்கார்ந்துவிடுவார். ஹீட்டர் காற்றில் செம்பேன் வருமென்று இலைக்குத் தண்ணீர் தெளிப்பது தனி நித்திய பூஜை.

கவாத்தில்தான் சண்டை. நம்மூர் வழக்கப்படி கார்த்திகையில் கத்தரியோடு நிற்பார்.

"மார்ச்ல வெளிச்சம் திரும்பட்டும் மாமா" என்பாள் மருமகள்.

"நான் பார்க்காத மல்லியாம்மா?"

பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. மொக்கு புதுத்தளிரில் வரும், தளிருக்கு வெளிச்சம் வேண்டும். மருமகள் சொல்வதே சரி. அதனாலேயே ஒப்புக்கொள்ள மாட்டார். அடுக்குமல்லியில் ஒரு ரகத்துக்கு வெள்ளைக்காரன் 'கிராண்ட் டியூக் ஆஃப் டஸ்கனி' என்று பேர் வைத்த கதைக்குத் தாவிவிடுவார்.

ஜூலையில் மூன்றே மூன்று மொக்கு. அங்கே இருட்டவே ராத்திரி ஒன்பதாகும். மாகறலில் காலை ஆறரை. டீக்கடைக்குக் கிளம்பின தம்பியை வீடியோவில் பிடித்து, பூ விரிவதைக் காட்டுவார்.

"இங்க பறிக்க ஆளில்லாம கொட்டிக் கிடக்குண்ணே" என்பார் தம்பி. மாமாவுக்குச் சரியாகக் கேட்காது.

ஒரு பூ திருமாகறலீஸ்வரர் படத்துக்கு. மீதி இரண்டை மாமியிடம் நீட்டினால், "இதைத் தலையில வைக்கிறதா, கண்ல ஒத்திக்கிறதா?" என்பாள்.

இப்படியொரு வீட்டுக்கு ஜனவரியில், மைனஸ் 15 டிகிரியில் போக நேர்ந்தால் உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்துங்கள். குழந்தைகள் சௌக்கியமா என்பதை அப்புறம் விசாரிக்கலாம். செடி சௌக்கியமா என்று முதலில் கேளுங்கள். காபி வரும்.