தராசு மாமா

எங்கள் அடுக்ககத்தில் யாருக்காவது விசா கிடைத்தால், அந்தச் சேதி மூன்றாவது மாடிக்குப் போய்ச் சேர அரை மணி நேரம் போதும். அங்கேதான் தராசு மாமா இருக்கிறார். நங்கநல்லூர், ஸ்ரீரங்கம், ஆர்.எஸ்.புரம் என்று பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய ஊர்களில் எல்லாம் இப்படி ஒருவர் இருப்பார். அழைப்பு தேவையில்லை. பெட்டி பரணிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டாலே வந்துவிடுவார்.

ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஸ்லீப்பர் வகுப்புப் பயணிக்கு 40 கிலோ, முதல் வகுப்பு ஏ.சி.க்கு 70 கிலோ வரை இலவசம் என்று ரயில்வேயில் விதி இருக்கிறது. ஆனால் பெட்டிக்குள் ஏறிய மூட்டையை யார் நிறுத்துப் பார்த்தார்கள்? சர்வீஸ் முழுக்க அவரை அரித்த குறை இது. விமானத்தில் ஒவ்வொரு பெட்டியையும் தராசில் ஏற்றுகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் உலகத்தில் ஒழுங்கு என்று ஒன்று மிச்சமிருக்கிறது என்று நம்பத் தொடங்கினார்.

சட்டைப்பையில் கொக்கி வைத்த சின்ன டிஜிட்டல் தராசு. அதன்மேல் சந்தேகம் வந்தால் குளியலறை எடை மெஷின். முதலில் தான் மட்டும் ஏறி நிற்பார், பிறகு பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறுவார், கழித்துச் சொல்வார். இதனால் மாமாவின் எடை, தீபாவளிக்குப் பின் ஏறியது உட்பட, எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வந்து உட்கார்ந்ததும் காபிக்கு முன்னால் டிக்கெட்டைக் கேட்பார். டிக்கெட் எடுத்தவர்கள் தேதியையும் விலையையும் மட்டும் பார்த்திருப்பார்கள். மாமா அவற்றைப் பார்க்கவே மாட்டார். பொடி எழுத்தில் பேகேஜ் என்று இருக்கும் வரியில் விரலை வைப்பார்.

"துபாய்க்கு 30 கிலோன்னு போட்டிருந்தா அது மொத்தக் கணக்கு. ரெண்டு பெட்டில பிரிச்சு வச்சுக்கலாம். அமெரிக்காவுக்கு அப்படி இல்லம்மா, பெட்டிக் கணக்கு. ரெண்டு பெட்டி, ஒண்ணு ஒண்ணும் 23. இதுல 20, அதுல 26 வச்சுட்டு, கூட்டினா 46தானேன்னு கவுண்டர்ல வாதாடினா நடக்காது. 26க்குப் பணம் கேப்பான்."

"அந்த 3 கிலோவை இதுல வாங்கிக்க மாட்டாங்களா மாமா?"

"மாட்டான். அப்பவே பெட்டியைத் திறந்து மாத்திக்கணும், ஊர் முன்னாடி."

ஊர் முன்னாடி பெட்டியைத் திறப்பது என்றதும் வீட்டில் ஒரு பயம் பரவும். மாமாவுக்கு வேண்டியது அதுதான். தொடர்ந்து, மலிவு டிக்கெட்டில் ஒரு பெட்டிதான் இருக்கும், சிலவற்றில் அதுவும் கிடையாது என்று சொல்வார். டெய்லர் டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் சக்கரத்தோடு அளந்து கூட்டுவார்: 158 சென்டிமீட்டர் தாண்டினால் அதற்கும் தண்டம். காலிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "இதுவே 5 கிலோ. பெட்டியைக் கொண்டுபோறதுக்கா அமெரிக்கா போறீங்க?" என்பார். 32 கிலோவுக்கு மேல் போனால் காசு கொடுத்தாலும் ஒரே பெட்டியாக எடுக்க மாட்டார்கள் என்று சொல்லும்போது மட்டும் குரல் தணியும். "தூக்கறவனுக்கும் முதுகு இருக்குல்ல?" பார்சல் ஆபீஸ்காரர் பேசுகிறார்.

மதுரைக்காரர்கள் வந்தால் முகம் இறுகிவிடும். மதுரையிலிருந்து சிகாகோ வரை ஒரே டிக்கெட்டா, சென்னை வரை தனி டிக்கெட்டா? ஒரே டிக்கெட் என்றால் அந்த இரண்டு பெட்டிக் கணக்கு பொதுவாக மதுரையிலேயே செல்லுபடி. தனித்தனியாக எடுத்திருந்தால் உள்நாட்டுக்கு உரிய 15 கிலோதான் என்று நிற்க வாய்ப்புண்டு. மிச்சம் 31 கிலோவுக்கு அங்கேயே கட்ட வேண்டும். "நானூறு ரூபா குறைச்சலாக் கிடைச்சுதுன்னு தனியா எடுத்தியாக்கும்?" என்று மாமா கேட்கும் தொனியில், எடுத்தவன் டிக்கெட்டையே கிழித்துப்போட நினைப்பான்.

அம்மாக்களோடுதான் உண்மையான போர். அம்மாக்களின் கணக்கில் கிலோ என்று ஒன்று கிடையாது. எல்லாம் 'கொஞ்சம்'. கொஞ்சம் சாம்பார் பொடி, கொஞ்சம் பருப்புப் பொடி, கொஞ்சம் வடாம், கொஞ்சம் நார்த்தங்காய். "இங்க எடிசன் ஊர்லயே எல்லாம் கிடைக்குதும்மா" என்று அமெரிக்காவிலிருந்து வீடியோவில் பிள்ளை சொல்லிக்கொண்டிருப்பான். அவனைப் பெட்டிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

புடவை மடிப்புக்குள் போன கறிவேப்பிலையை மாமா மோப்பத்திலேயே பிடித்துவிடுவார். எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்துச் செடி அது. அதில் ஒட்டிப் போகும் குட்டிப்பூச்சி அங்கே ஆரஞ்சுத் தோப்புகளை அழிக்கும் நோயைப் பரப்பும், அதனால் அனுமதி இல்லை என்று பொறுமையாக விளக்குவார்.

"நம்ம மரத்துல பூச்சியே கிடையாது" என்பாள் அம்மா.

கொப்பரை வெளியே வரும்: தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய சரக்குகளின் பட்டியலில் அது இருக்கிறது. பவர் பேங்க் பெரிய பெட்டியிலிருந்து கைப்பைக்கு மாறும். ஊறுகாய் கைப்பையிலிருந்து பெரிய பெட்டிக்கு மாறும். துபாய் பெட்டியில் கசகசா கிடைத்தால் மாமா பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, "இதுக்கு அங்கே ஜெயில்" என்பார். குருமாவுக்குப் போடுகிற சாமானுக்கு ஜெயிலா என்று அந்த வீட்டுப் பாட்டி இன்னும் நம்பவில்லை.

இத்தனை கண்டிப்புக்கும் நடுவே மாமாவிடம் ஒரு பலவீனம் உண்டு. பெட்டி 21 கிலோவில் நின்றுவிட்டால் அவரால் தாங்க முடியாது. "ரெண்டு கிலோ வீணாப் போகுதே!" அடுப்படியில் இந்த வார்த்தைக்காகவே ஒருத்தி காத்திருப்பாள். எடைக்காக விலக்கிய பொட்டலங்கள் எல்லாம் திரும்பி வரும். டேபிள் டாப் கிரைண்டரின் குழவிக்கல்லைத் துண்டில் சுற்றி ஒரு பெட்டியிலும், பாத்திரத்தைக் கவிழ்த்து அதற்குள் முறுக்கை நிரப்பி இன்னொன்றிலும் அவரே அடுக்குவார். தராசு 22.9 காட்டும்போது அந்த முகத்தில் தெரியும் நிறைவைப் பார்க்க வேண்டும். 7 கிலோ கைப்பையும் நிரம்பிவிட்டால் கோட்டுப் பைகளில் சார்ஜரும் புத்தகமும் போகும். மே மாதச் சென்னையில், அக்னி நட்சத்திரத்தில், கோட்டும் ஸ்வெட்டருமாக விமான நிலையத்தில் யாராவது வியர்த்து நின்றால் அது மாமா அனுப்பிய ஆள்.

வழியனுப்பவும் வருவார். பின்னிரவில் மீனம்பாக்கத்தில் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே கவுண்டர் முன் நிற்கும் பையனோடு ஸ்பீக்கரில் பேசுவார். கடைசி நேரத்தில் எடுத்த நார்த்தங்காய்ப் பொட்டலம் கையில் இருக்கும்.

"எவ்வளவு காட்டுது?"

"23.4 மாமா. பரவாயில்லன்னு விட்டுட்டாங்க."

"23.4 எப்படிடா வரும்? என் தராசுல 22.9. அவங்க மெஷின் தப்பு. அடுத்த கவுண்டர்ல வச்சுப் பாக்கச் சொல்லு."

"டேக் போட்டாச்சு மாமா. பெல்ட்டுல போயிடுச்சு."

"நிறுத்தச் சொல்லுடா!"