மாமா, நானும் கோல்ஃப் ஆடுகிறேன்

செயின்ட் ஆண்ட்ரூஸ்,
ஸ்காட்லாந்து

அன்புள்ள மாமாவுக்கு,

நானும் சாந்தியும் நலம். அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது?

"கோல்ஃப் ஆடுற அளவுக்குப் பெரிய மனுஷன் ஆயிட்டியாமே" என்று போனில் கேட்டீர்கள். அம்மா தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள். யாராவது கடன் கேட்டு வருவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஊட்டியில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி, நமக்கும் கோல்ஃபுக்கும் உள்ள உறவு. இங்கே கதையே வேறு. இந்தச் சின்ன ஊருக்கு ஏழு மைதானங்கள். ஓர் அறக்கட்டளை அவற்றை நடத்துகிறது. எல்லாமே பொது மைதானங்கள். டிவியில் காட்டுகிறார்களே ஓல்டு கோர்ஸ், கோடையில் அதில் ஒரு ஆட்டத்துக்கு 300 பவுண்டுக்கு மேல். பலருக்கு இடம் கிடைப்பதே குலுக்கலில்தான். நான் அங்கே ஞாயிற்றுக்கிழமை போவேன். அன்று பெரும்பாலும் ஆட்டம் கிடையாது, ஊரே நாயைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் நடக்கும். காசில்லை.

நான் ஆடுவது பால்கோவ். குழந்தைகளுக்கும் என் மாதிரி ஆட்களுக்கும் உள்ளது. கட்டணம் ஓல்டு கோர்ஸில் பத்தில் ஒரு பங்குகூட வராது. 9 குழிகள், மொத்தம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் குறைவு. கெட்டிக்காரன் பந்தை 30 தடவை அடித்து முடிப்பான். என் கணக்கை இங்கே எழுதினால் கடிதத்தின் எடை கூடும். குறைவாக எடுத்தவன்தான் ஜெயித்தவன். நம்ம பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு ஏற்பாடு இருந்திருந்தால் எனக்கு எப்போதும் முதல் ரேங்க்.

போன வாரம் எங்களுக்குப் பின்னால் ஒரு பொடியன், எட்டு வயசு இருக்கும், பாட்டியோடு வந்தான். வேகமாக ஆடுகிறவர்களுக்கு வழிவிடுவது இங்கே மரியாதை, விட்டோம். இரண்டு புல்லைக் கிள்ளிக் காற்றில் விட்டுப் பார்த்தான். வட கடல் காற்று, சாந்தியின் துப்பட்டாவையே பறிக்கிற காற்று. கொஞ்சம் இடப்பக்கம் திரும்பி நின்று ஒரே அடி. பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. "தேங்க் யூ, சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நான் அதே மாதிரி புல்லைக் கிள்ளிப் போட்டு அடித்தேன், பந்து முட்புதருக்குள். தொலைந்த பந்தைத் தேட 2019இலிருந்து மூன்றே நிமிஷம்தான் சட்டம். "நேரம் ஆச்சுங்க" என்றாள் சாந்தி. அவளுக்கு விதிமுறை எல்லாம் அத்துப்படி.

பசங்கள் வில் பழகாமல் கோல்ஃப் ஆடிக் கெட்டுப்போகிறார்கள் என்று 1457இல் ஸ்காட்லாந்து ராஜா இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில் தடைச் சட்டமே வந்தது. என் கிரிக்கெட் மட்டையை நீங்கள் வெந்நீர் அடுப்பில் வைத்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அவர்கள் தடையும் அவ்வளவுதான் பலித்தது.

அத்தைக்கும் இடம் பார்த்துவிட்டேன். பெண்கள் தோளுக்கு மேல் மட்டையை ஓங்குவது அழகில்லை என்று பெரியவர்கள் நினைத்த காலத்தில், 1867இல், இங்கே பெண்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். மேடும் பள்ளமுமான புல்தரையில் பந்தை மெல்லத் தட்டி உருட்டுவதுதான் ஆட்டம். அந்தத் தரைக்கு ஹிமாலயாஸ் என்று பெயர். இப்போது சில பவுண்டு கொடுத்தால் யாரும் ஆடலாம். அத்தை முட்டிவலியோடு தாராளமாக ஏறலாம்.

விசா வந்ததும் சொல்லுங்கள். ஜூனில் வந்தால் ராத்திரி ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஸ்வெட்டர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மாவடு மறக்க வேண்டாம். பால்கோவ் டிக்கெட் என் செலவு. தொலைகிற பந்துக்கு மட்டும் நீங்கள் பொறுப்பு.

அன்புடன்,
உங்கள் மருமகன்