பூட்டிய வீட்டுக்கு மறு வாழ்வு

கேள்வி: ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு எங்கள் மண்டலத்துச் சிவபுரத்தில் புது வீடு கட்டி 2025 மே மாதம் கிரகப்பிரவேசம் செய்தார். நாங்களோ வருஷக்கணக்காகப் பூட்டிக்கிடக்கும் தாத்தா வீட்டுக்குக் குடிபோக நினைக்கிறோம். மேஸ்திரி 'இடிச்சுடுங்க' என்கிறார். என்ன செய்யலாம்?
(வாசகர், சாந்திபுரம்)

பதில்: புது வீட்டை யாரும் கட்டிக்கொள்ளலாம், தாத்தா வீட்டைத் தாத்தா மட்டும்தான் கட்ட முடியும். இடிக்காதீர்கள்! விரிசல்களை ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள். மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர் என்றால் சிமெண்ட் பூச்சுதான் அதற்கு முதல் எதிரி. சுண்ணாம்புப் பூச்சு, உறிஞ்சிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். காரைக்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கூலி கூடத்தான் ஆகும். தாராளமாகக் கொடுக்கலாம்.

சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்குக் குடும்பத்தோடு ஒருமுறை போய்வாருங்கள். பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பி, 1996-ல் திறந்தார்கள். பார்த்தபிறகு கடப்பாரையைத் தொட மனசு வராது.

முதல் செலவு கூரைக்கு, அதுவும் ஐப்பசி மழைக்கு முன்னால். பழைய ஒயரிங்கை மொத்தமாகக் கழற்றி, எர்த்தோடு புதிதாக இழுங்கள். மூடிக்கிடந்த கிணற்றில் தூர்வார யாரையும் சட்டென்று இறக்காதீர்கள். தேங்கிய விஷவாயு ஆளையே கொன்றுவிடும். பாம்பு இருந்தால் அடிக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

பால் காய்ச்சும் அன்று, தமிழோ தெலுங்கோ கன்னடமோ எது பேசினாலும், அக்கம்பக்கத்தார் அத்தனை பேரையும் கூப்பிடுங்கள். இத்தனை வருஷம் அந்த வாசலுக்குக் காவல் அவர்கள்தானே!