பூஜ்ஜியம் எழுதியவளுக்குப் பூஜ்ஜியம்

பெறுநர்: உயர்திரு தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள் (பல்கலைக்கழகத்தின் பெயரை மரியாதை கருதி விட்டிருக்கிறேன். படிப்பவர்கள் அவரவர் பல்கலைக்கழகம் என்றே எடுத்துக்கொள்வார்கள்.)

பொருள்: அர்ரே எங்கே தொடங்குகிறது என்பது பற்றி.

பார்வை: செவ்வாய்க்கிழமை இரவு தங்கள் இணையதளத்தில் வெளியான மறுமதிப்பீட்டு முடிவு, 'நோ சேஞ்ச்'.

ஐயா,

பூஜ்ஜியமாவதாக என் பணிவான வணக்கம். ஒன்றாவதாக என் நன்றி.

என் அக்கா மகள் சி புரோகிராமிங் தாளில் எழுதிய விடையை இரண்டு முறை பார்த்தும் அசையாமல் நின்ற தங்கள் உறுதியை என்னவென்று சொல்வது! பத்து எண்களை வாங்கி அவற்றில் பெரியதைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. அவள் பத்து இடம் கொண்ட அர்ரே ஒன்றை டிக்ளேர் செய்து 'ஃபார் (ஐ = 0; ஐ < 10; ஐ++)' என்று தொடங்கியிருக்கிறாள். விடைத்தாள் நகல் என் மேசைமேல் இருக்கிறது. திருத்தியவர் அந்த 0-வைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் '1?' என்று கேட்டு, ஓரத்தில் இன்னொரு 0 போட்டிருக்கிறார். ஒரே வரியில் இரண்டு பூஜ்ஜியங்கள். அவள் போட்டதுதான் சரியான பூஜ்ஜியம்.

விடைக்குறிப்பு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கச் சிரமப்படவில்லை. கல்லூரியில் கொடுத்த லேப் மேன்யுவலில் இதே புரோகிராம் 'ஐ = 1; ஐ <= 10' என்று அச்சாகியிருக்கிறது. பத்து இடங்களை 0 முதல் 9 வரை எண்ணும் மொழியில் தங்கள் மேன்யுவல் பத்தாம் எண்ணுக்கே போய் எழுதிவிட்டு வருகிறது. அந்த இடம் அர்ரேக்குச் சொந்தமில்லை. அங்கே வேறொரு வேரியபிள் இருக்கலாம். சமயத்தில் ஐ-யே இருக்கும், அப்போது லூப் முடியாமலே சுற்றக்கூடும். எல்லைக்கு வெளியே எழுதும் துணிச்சல் எல்லோருக்கும் வராது. 1988 நவம்பரில் இணையத்தைப் படுக்கவைத்த மோரிஸ் புழு உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று, அர்ரேயின் அளவைப் பார்க்காமல் எழுதிக்கொண்டே போகும் 'கெட்ஸ்' என்ற ஃபங்ஷன். 2011-இல் அதை சி மொழியின் நியமத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். தங்கள் மேன்யுவலில் அது நலமாக இருக்கிறது. யாருக்கும் வேண்டாதவர்களை ஆதரிக்கும் இந்த நல்ல உள்ளத்துக்கு இரண்டாவதாக இன்னொரு நன்றி (உண்மையில் மூன்றாவதாக, எண்ணிக்கை எங்கே தொடங்கியது என்பதை மறக்க வேண்டாம்).

நானும் தங்கள் பழைய மாணவன்தான், ஐயா. லேப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவோம். திரை நீலமாக இருக்கும். டர்போ சி++ என்ற அந்தப் பெட்டகம் போர்லாண்ட் நிறுவனம் டாஸ் காலத்தில், 1990-களின் தொடக்கத்தில் விட்டது. ரன் கொடுத்தால் விடை மின்னி மறைந்துவிடும், அதைப் பிடித்து நிறுத்த 'கெட்ச்' போட வேண்டும். கெட்ச் போடாதவன் கணினி அறிவியலே தெரியாதவன். இன்று அந்தப் பெட்டகத்தை ஓட்டவே டாஸ்பாக்ஸ் என்று தனியாக ஒன்று வேண்டியிருக்கிறது, ஆனாலும் தாங்கள் அதைக் கைவிடவில்லை. நாற்பதாயிரத்தைக் கொடுத்தால் அதன் 'இன்ட்' எதிர்மறை எண்ணாக்கித் திருப்பிக் கொடுக்கும், 32,767-க்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. முதல் வகுப்பில் சம்பளக் கணக்குப் புரோகிராம் எழுதி, தானே முதலாளிக்குக் கடன்பட்டதாக விடை வாங்கியவர்கள் எங்கள் பேட்ச்சில் பலர் உண்டு.

அர்ரே வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 'கலெக்‌ஷன் ஆஃப் சிமிலர் டேட்டா ஐட்டம்ஸ்' என்று சார் சொல்ல, வகுப்பே கோரஸாகத் திருப்பிச் சொன்னது. எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த லேப்பில் ஐம்பது மாணவர்களின் சராசரி மார்க் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். என் பெஞ்சில் இருந்தவன் எம்1-இல் தொடங்கி எம்50 வரை ஐம்பது வேரியபிள், ஐம்பது ஸ்கேன்எஃப், நடுவில் கூட்டல் குறிகளாகவே ஓடும் ஒரு வரி என்று எழுதி முடித்தான். எம்37 இரண்டு முறை வந்திருந்தது. விடை கிட்டத்தட்டச் சரியாக இருந்ததால் முழு மார்க். பிறகு ரெக்கார்டு நோட்டின் கடைசி வரியில் எல்லோரையும்போல அவனும் எழுதினான்: 'தஸ் தி ப்ரோகிராம் வாஸ் எக்ஸிக்யூட்டட் சக்ஸஸ்ஃபுல்லி'. ஓடாத புரோகிராமுக்கும் அதே வரிதான். அவன் இன்று ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறான். அர்ரேயை வேலைக்குப் போய்த்தான் கற்றுக்கொண்டான், கணக்கு வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம்.

செய்முறைத் தேர்வின்போது அக்கா மகளிடம் வைவாவிலும் இதையே கேட்டிருக்கிறார்கள். "அர்ரேன்னா என்னம்மா?" அவள் தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, முதல் கட்டத்தின் முகவரியிலிருந்து எத்தனை கட்டம் தள்ளிப் போகிறோம் என்பதுதான் அந்த எண், முதல் கட்டத்துக்குத் தள்ளவே வேண்டாம், அதனால்தான் பூஜ்ஜியம் என்று சொல்லியிருக்கிறாள். கெர்னிகனும் ரிட்சியும் 1978-இல் புத்தகம் எழுதி விளக்கிய விஷயம். தேர்வாளர் கட்டங்களைப் பார்த்துவிட்டு, "டெஃபனிஷன் சொல்லும்மா" என்றாராம்.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்று ஒருவர் இருந்தார். 1972-இல் டூரிங் விருது வாங்கியவர். 1982 ஆகஸ்ட் 11 தேதியிட்டு, எண்ணிக்கை ஏன் பூஜ்ஜியத்தில் தொடங்க வேண்டும் என்று கைப்படச் சில பக்கங்கள் எழுதி வைத்தார். கீழ் எல்லையைச் சேர்த்துக்கொள், மேல் எல்லையைச் சேர்க்காதே, இரண்டையும் கழித்தால் எத்தனை உறுப்பு என்பது தானே வந்துவிடும் என்பது அவர் வாதம். அதாவது 0-வில் தொடங்கி, 10-க்குக் கீழே நின்றுவிடு. அக்கா மகள் விடைத்தாளில் எழுதிய அதே வரி. அந்தக் குறிப்பின் பக்கங்களுக்கே அவர் 0-விலிருந்துதான் எண் போட்டார். தங்களிடம் தேர்வெழுதியிருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வட்டம் வாங்கியிருப்பார், மறுமதிப்பீட்டில் 'நோ சேஞ்ச்' வந்திருக்கும்.

ஆனால் நியமம் எழுதியவர்களைவிடத் தாங்கள் ஒரு படி மேல். ஐ-யின் மதிப்பு 5 என்றால் 'ஐ++ + ++ஐ' என்ன என்று வருடா வருடம் கேட்கிறீர்கள். அதற்கு இன்ன விடை என்று சொல்ல முடியாது, கம்பைலருக்குக் கம்பைலர் மாறலாம் என்று 1989-இலிருந்து சி நியமம் கையை விரித்துக்கொண்டிருக்கிறது. தங்கள் விடைக்குறிப்பு 12 என்று ஒரே போடாகப் போட்டுவிட்டது. உலகக் குழுவுக்கே முடியாததை ஒரு மார்க்கில் முடித்தீர்கள்!

அக்கா மகள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. மொபைலில் கம்பைலர் ஆப் ஒன்றை இறக்கி, பஸ்ஸில் நின்றபடி கட்டைவிரலால் அடித்துப் பழகியவள். அடைப்புக்குறி தேடவே கீபோர்டை மூன்று முறை மாற்ற வேண்டும், தெரியுமா உங்களுக்கு? அந்த விடையை ஒரு கம்பைலரில் போட்டு ஓட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. திருத்தியவர் பார்க்கவில்லை. மறுமதிப்பீட்டுக்குத் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவரும் பார்க்கவில்லை. மூன்று மார்க்கில் ஃபெயில். வகுப்பிலேயே ஒரு வரியையாவது புரிந்து எழுதிய பிள்ளையைப் பிடித்து ஃபெயில் ஆக்கிவிட்டு, மேன்யுவலைப் பார்த்து அச்சடித்த மாதிரி எழுதியவர்களை டிஸ்டிங்ஷனில் அனுப்பியிருக்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

மன்னிக்க வேண்டும், ஐயா. குரல் எல்லைக்கு வெளியே போய்விட்டது. மேன்யுவல் படித்து வளர்ந்த பழக்கம்.

தாழ்மையான வேண்டுகோளுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது தங்கள் கொள்கையானால், மார்க்கையும் ஒன்றிலிருந்தே தொடங்கலாமே. யாரும் பூஜ்ஜியம் வாங்க முடியாது. அல்லது கட்டணத்தை மட்டும் எங்கள் முறையில் எண்ணலாம்: பூஜ்ஜியமாவது மறுமதிப்பீடு இலவசம். இரண்டும் ஆகாதென்றால், விடைக்குறிப்பு எழுதுபவரை ஒரே ஒரு முறை அந்த மேன்யுவல் புரோகிராமை எல்லை பார்க்கும் கம்பைலர் ஒன்றில் ஓட்டச் சொல்லுங்கள். அதில் வரும் சிவப்பு எழுத்துகளை அவர் வட்டமிட வேண்டியதில்லை, அவையே சிவப்பாகத்தான் வரும்.

நவம்பரில் அரியர் எழுதுகிறாள். "மாமா, இந்தத் தடவை 0 போடட்டுமா, 1 போடட்டுமா?" என்று நேற்று ராத்திரி போனில் கேட்டாள். கம்ப்யூட்டருக்கு எதைப் போட வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும், கேட்டது தங்களுக்கு எதைப் போட வேண்டும் என்று. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஹால் டிக்கெட் வருவதற்குள் தாங்களே எழுத்துமூலம் தெரிவித்தால் உதவியாக இருக்கும். அப்படித் தெரிவிப்பதற்குக் கட்டணம் உண்டென்றால், டிடி எந்தப் பெயருக்கு எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லவும்.

தங்கள் உண்மையுள்ள,
பழைய மாணவன் (இரண்டு அரியர், இரண்டும் கிளியர்)