பிழைக்கத் தெரிந்தவர்களுக்கு அறிக்கைப் பயிற்சி

வேலையில் சேர்ந்ததும் ஓட்டல் ஹாலில் உட்காரவைத்து, பிஸ்கட்டும் காபியும் கொடுத்து, அறிக்கை எழுதுவது எப்படி என்று வகுப்பு எடுப்பார்கள். சுருக்கமாக எழுது, தெளிவாக எழுது, ஆதாரத்தோடு எழுது என்பார்கள். அப்படி எழுதி எவராவது பதவி உயர்வு வாங்கியதுண்டா? அங்கே சொல்லித்தராத பாடங்களை இங்கே இலவசமாகத் தருகிறேன்.

முதல் பாடம்: செய்தவர் பெயர் வரவே கூடாது. "மேலாளர் கோப்பை மூன்று மாதம் மேசைக்குள் பூட்டிவைத்தார்" என்று எழுதினால் நீங்கள் கலகக்காரர். "நிர்வாகக் காரணங்களால் தாமதம் ஏற்பட்டது" என்று எழுதினால் பக்குவப்பட்டவர். பணம் கையாடப்பட்டது, உயிரிழப்பு நேரிட்டது, ஆவன செய்யப்பட்டு வருகிறது. யாரால் என்று கேட்பது அநாகரிகம்.

இரண்டாவது: கட்டம் மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். கையால் மலம் அள்ளும் தொழிலில் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று 2021-இல் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கி மூச்சுமுட்டிச் செத்தவர்கள்? அவர்கள் ‘விபத்து’ என்ற கட்டத்தில் கிடக்கிறார்கள். விஷவாயுவுக்குத்தான் இந்தக் கட்டமெல்லாம் தெரிவதில்லை.

மூன்றாவது: கோடு எப்போதும் மேலேதான் ஏற வேண்டும். சத்யம் நிறுவனம் 2008-இல் சிறந்த நிர்வாகத்துக்காகத் தங்க மயில் விருது வாங்கியது. 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு கைப்பட ஒப்புக்கொண்டார்: கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. அதுவரை எத்தனை வழவழப்பான ஆண்டறிக்கைகள், எத்தனை கையெழுத்துகள்!

நான்காவது பாடம்தான் உச்சம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பது பவர்பாயிண்ட் வருவதற்கு முந்தைய பழமொழி. 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்கலம் கிளம்பிய 82-ஆவது விநாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையில் மோதியது. ஆபத்து உண்டா என்று போயிங் பொறியாளர்கள் ஆராய்ந்து நாசாவிடம் ஸ்லைடு காட்டினார்கள். தலைப்பு ஆறுதல் சொல்லியது. அதன்கீழ்ப் புள்ளிகள், புள்ளிக்குள் கோடுகள். எல்லாவற்றுக்கும் அடியில், பொடி எழுத்தில் ஒரு வரி: மோதிய துண்டு 1,920 கன அங்குலம், சோதனையில் பயன்பட்டது 3 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. அந்த 640-ஐக்கூட எழுதவில்லை. வகுத்துப் பார்க்கும் வேலையைப் படிப்பவர் தலையில் கட்டிவிட்டார்கள். யாரும் வகுக்கவில்லை. பிப்ரவரி 1 அன்று விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட அதிலிருந்த ஏழு பேரும் மாண்டார்கள். பிறகு அமைத்த விசாரணைக் குழு, அந்த ஒற்றை ஸ்லைடை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டது. அதுவும் அறிக்கைதான், ஆனால் செத்த பிறகு வந்த அறிக்கை.

சரி, தெளிவாகவே எழுதியிருந்தால்? 1982-இல் யூனியன் கார்பைடு அனுப்பிய அதன் சொந்த நிபுணர்களே போபால் ஆலையைச் சுற்றிப் பார்த்து, நச்சுப்பொருள் வெளியேறும் அபாயம் உண்டு என்று எழுதிக்கொடுத்தார்கள். 1984 டிசம்பர் 2 இரவு விஷவாயு கசிந்தபோது அங்கே நிலைமை என்ன? விஷத் தொட்டியைக் குளிர்விக்கும் கருவியை நிர்வாகம் முன்பே நிறுத்திவைத்திருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரத்தின் குழாயைக் கழற்றிப் போட்டிருந்தது. அறிக்கை இருந்தது. ஆயிரக்கணக்கான மக்கள்தான் இல்லாமல் போனார்கள்.

ஆகவே, பயிற்சி நிறுவனத்தாரே, ஊழியர்களை விட்டுவிடுங்கள். அவர்களுக்கு எழுதத் தெரியும். உண்மையை எழுதினால் என்ன கிடைக்கும் என்பதும் தெரியும். "இதை இவ்வளவு கடுமையாகச் சொல்ல வேண்டுமா? கொஞ்சம் பாசிட்டிவாக மாற்றித் தாருங்கள்" என்று திருப்பி அனுப்புகிறார்களே மேலதிகாரிகள், அவர்களைப் பிடித்து முதல் வரிசையில் உட்காரவையுங்கள். கெட்ட செய்தியை முதல் வரியிலேயே எழுதியவரைத் தண்டிக்காமல் இருப்பது எப்படி என்று அவர்களுக்கு வகுப்பு எடுங்கள். அதுவரை இந்நாட்டில் அறிக்கை எழுதுகிறவர்கள், அடுத்த சாவுக்கான விளக்கத்தைத்தான் முன்கூட்டியே எழுதிக்கொண்டிருப்பார்கள்.