கோட்டை இல்லாத கோட்டையும் சுடாத துப்பாக்கியும்

துப்பாக்கி சேகரிப்பவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. அவர்களுக்குத் துப்பாக்கி இரண்டாம் பட்சம், கட்டைதான் முக்கியம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரனும், அவனுக்காகச் சாகப்போன நம்மாட்களும் தூக்கிக்கொண்டு அலைந்த ‘நம்பர் ஃபோர் மார்க் ஒன் டி’ என்ற ஸ்னைப்பர் ரைபிளின் மரக்கட்டை எங்கேயாவது விலைக்கு வருகிறதென்று காதில் விழுந்தால் போதும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்த ரகத்தார் பெண் பார்க்கப் போகிற மாதிரி கிளம்பிவிடுவார்கள்.

போனதும் முதல் காரியமாகக் கட்டையைப் புரட்டிப் போட்டு அடிப்பக்கம் பார்ப்பார்கள். எஸ் 51 என்ற முத்திரை இருந்தால் லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனியின் கைபட்ட மரம். அடுத்து, கை பிடிக்கும் இடத்தில் மேல்பக்கமாக ஓர் எண் குத்தியிருக்கிறதா? அது அந்தத் துப்பாக்கிக்கென்றே பொருத்திச் சரிபார்த்த தொலைநோக்கியின் எண். கன்னம் வைத்துக் குறிபார்க்க மேலே திருகியிருக்கும் மரத்திண்டு அசல்தானா, போன வருஷம் யாராவது செதுக்கியதா? கடைசியாக, அளவு. நெட்டையனுக்கு ‘எல்’, குட்டையனுக்கு ‘எஸ்’, அதையும்விடக் குட்டையனுக்கு ‘பி’, அதாவது பாண்டம். முதல் உலகப் போரின் தொடக்கத்தில் உயரம் போதாதென்று வீட்டுக்கு விரட்டப்பட்டவர்களை, ஆள் பஞ்சம் வந்ததும் ‘பாண்டம் பட்டாலியன்’ என்று தனியாகச் சேர்த்துக்கொண்டார்கள். சாகிற வேலைக்கு உயரம் ஒரு தகுதி இல்லை என்று மேலிடத்துக்குப் புரியச் சில மாதங்கள் ஆகியிருக்கின்றன.

இந்த மரத்துக்கு ஏன் இத்தனை கிராக்கி? போர் முடிந்ததும் மிச்சப்பட்ட ரைபிள்களை அரசாங்கங்கள் கூறுகட்டி விற்றன. வாங்கியவர்கள் மான் வேட்டைக்காரர்கள். முன்னால் நீண்டிருக்கும் கட்டை வெட்டிச் சுமை என்று ரம்பத்தை எடுத்து அறுத்து அடுப்பில் போட்டார்கள். இன்று அவர்களுடைய பிள்ளைகளும் பேரன்களும் அந்தக் கட்டையைத் தேடித் தெருத்தெருவாக அலைகிறார்கள். சாதாரண ரைபிள் ஒன்று, அசல் கட்டை ஒன்று, புதிதாகச் செய்த தொலைநோக்கி ஒன்று, மூன்றையும் சேர்த்தால் வரவேற்பறைக்கு ஒரு ‘ஸ்னைப்பர்’ தயார். அப்பா அறுத்தார், மகன் ஒட்டுகிறார்.

ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனம் வரவில்லை. மகாராஜாக்கள் புலி சுடுவதற்கு விலை கேட்காமல் வாங்கிய கம்பெனி அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் .450 அளவுத் துப்பாக்கிகளுக்குச் சர்க்கார் தடை போட்டது. எவனாவது அந்தத் தோட்டாவை உருவிப் பழைய மார்ட்டினி ஹென்றியில் போட்டு வெள்ளைக்காரனையே சுட்டுவிடுவான் என்ற பயம். கம்பெனிகள் அசரவில்லை. குழலை ஒரு மயிரிழை அகலமாக்கின. 1907-இல் ஹாலண்ட் கம்பெனி .465 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சட்டமும் பிழைத்தது, வியாபாரமும் பிழைத்தது, புலிதான் பிழைக்கவில்லை. அதே கம்பெனிதான் 1942 முதல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ராணுவ ரைபிள்களுக்குக் கண்ணாடி மாட்டி, கட்டைக்குத் திண்டு வைத்துக் கொடுத்தது.

இங்கே இந்தப் பொழுதுபோக்கெல்லாம் நடக்காது. நமது 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்றால் அதன் பாகங்களும் சேர்த்திதான். .303 ராணுவ அளவு, சாமானியனுக்கு ஆகாது. ஆகவே, கொடைக்கானலில் மரச்சாமான் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு இந்த ஆசை வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அவர் வருத்தப்படத் தேவையில்லை. அவர் உட்கார்ந்திருக்கும் பழனி மலையே ராணுவம் கழித்துப்போட்ட சாமான்களை வைத்துக் கட்டிய ஒரு மாதிரிதான்.

மரத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். 1852-இல் பம்பாய் ராணுவத்தைச் சேர்ந்த மேஜர் பார்ட்ரிட்ஜ் என்ற துரை ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸைத் தருவித்துக் கொடைக்கானலில் நட்டார். பம்பாய் மேஜருக்கு மதுரை ஜில்லா மலையில் என்ன வேலை என்று அப்போது யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. மரம் மளமளவென்று வளர்ந்தது. சோலைக்காட்டையும் புல்வெளியையும் தின்றுகொண்டு இன்னும் வளர்கிறது. ராணுவக்காரர் நட்ட மரமாயிற்றே, ராணுவத்துக்காவது உதவியதா? துப்பாக்கிக் கட்டை என்றால் வால்நட் மரம் வேண்டும். காய்ந்த பிறகு முறுக்காது, பிளக்காது, சுட்டதும் வரும் உதையை வாங்கிக்கொள்ளும். தோட்டத்தில் வளர்த்த யூகலிப்டஸ் காயும்போதே முறுக்கிக்கொண்டு வெடிக்கும். அதன் பிறந்த வீட்டிலேயே அதற்கு மரியாதை இல்லை. ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆயுதத் தொழிற்சாலை தன் ரைபிள்களுக்குக் குயின்ஸ்லாந்து மேப்பிளையும் கோச்வுட்டையும் எடுத்துக்கொண்டது. அந்த ஊர்க்காரனே வேண்டாமென்ற மரத்தைத்தான் துரை கப்பலேற்றிக் கொண்டுவந்து நமக்குக் கொடுத்திருக்கிறார். தைலம் எடுக்க உதவியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். துப்பாக்கி தூக்கித் தோள் வலித்தவர்கள் தேய்த்துக்கொள்ளலாம்.

வங்காளத்து இஷாபூர் துப்பாக்கித் தொழிற்சாலை நல்ல மரத்தையே போட்டும் நம் வெயில் அதைச் சும்மா விடவில்லை. கட்டை பிளந்துகொள்ளாமல் இருக்க, முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணியை முடுக்கினார்கள். மரத்தின் பக்கவாட்டில் பொட்டு மாதிரி தெரியும் அந்தத் திருகாணிதான் இன்றைக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு இந்தியத் துப்பாக்கியின் அங்க அடையாளம். பிளவுக்குப் போட்ட ஒட்டு, பரம்பரை மச்சமாகிவிட்டது.

அடுத்து டக்ளஸ் ஹாமில்டன். மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி 21-ஆம் ரெஜிமென்ட் அதிகாரி. நன்றாகப் படம் வரைவார், அதைவிட நன்றாகச் சுடுவார். மனிதர் செத்த பிறகு, 1892-இல், அவருடைய வேட்டைக் கதைகள் கனத்த புத்தகமாக வந்தன. தென்னிந்திய மலைகளில் தான் சுட்டதற்கெல்லாம் கணக்கு வைத்திருந்த மனிதர். 1860-களில் பழனி மலையைச் சுற்றிப் பார்த்துப் படம் வரைந்து அறிக்கை எழுதும் வேலை அவருக்குக் கிடைத்தது. வேட்டையாடச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளலாம். கொடைக்கானலுக்கு மேற்கே, பேரிஜத்தில், ஒரு பெரிய சதுப்பு நிலத்தைக் கண்டார். முன்னொரு காலத்தில் இது பெரிய ஏரியாக இருந்திருக்க வேண்டும், இங்கே பட்டாளத்தை வைத்தால் பிரமாதமாக இருக்கும் என்று அவருக்குப் பட்டது. அங்கே தங்கினார். தங்கிய இடத்துக்கு ‘ஃபோர்ட் ஹாமில்டன்’ என்று பெயர் விழுந்தது. இன்றைக்கும் வரைபடத்தில் அந்தப் பெயர் இருக்கிறது.

கோட்டைதான் இல்லை. மதில் இல்லை, அகழி இல்லை, பீரங்கி இல்லை. இருந்தது ஒரு குடிசை. துரைக்கு வழிகாட்டிய பளியர் ஒருவருக்கும் அவருக்கும் இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கும் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு:

“சாமி, இதுக்குப் பேரு என்னாங்க?”

“கோட்டை.”

“கோட்டைன்னா திண்டுக்கல்லுல கல்லா இருக்குமே சாமி, அதுங்களா?”

“ஆமாம்.”

“கல்லு எப்பங்க வரும்?”

“லண்டனுக்கு எழுதியிருக்கிறேன்.”

கல் வரவேயில்லை. பட்டாளமும் வரவில்லை. பின்னாளில் அணை கட்டித் தேக்கியதில் ஏரி மட்டும் வந்தது. அதன் தண்ணீரைப் பெரியகுளத்துக்காரர்கள் குடிக்கிறார்கள். துரையின் திட்டத்தில் பலித்தது அந்த ஈரம் ஒன்றுதான். ஏரியைப் பார்க்க இன்று நீங்களும் நானும் போவதென்றால் வனத்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இந்தியாவிலேயே காவல் பலமாக இருக்கும், ஆனால் கட்டாத கோட்டை இதுவாகத்தான் இருக்கும்.

அதே காலத்தில், 1863-இல், மதுரைக் கலெக்டர் வெரி லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கொடைக்கானல் ஏரியைக் கட்டினார். தூத்துக்குடியிலிருந்து படகை வேறு மலைமேல் ஏற்றினார். சாலையே இல்லாத மலைக்குக் கடலோரத்திலிருந்து படகைத் தூக்கி வந்த கூலிகள் வழியெல்லாம் என்ன பேசியிருப்பார்கள் என்பதை அச்சில் ஏற்ற முடியாது. இங்கிலாந்தின் ஏரி, இங்கிலாந்தின் ஓட்டுவீடு, இங்கிலாந்தின் பூந்தோட்டம் என்று நகல் எடுத்து நகல் எடுத்து ஊரையே செய்தார்கள். கட்டைக்குத் திண்டு திருகுகிறவர் இந்த அளவுக்கு இறங்கியதில்லை.

இந்த மலையில் அசல் கோட்டையும் அசல் துப்பாக்கியும் இருந்த காலம் ஒன்று உண்டு. மலையின் வடக்கு அடிவாரத்தில் விருப்பாட்சிப் பாளையம். கணவரை இழந்து சிவகங்கையை விட்டு வந்த வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த சீமை அது. 1800-இல் அதன் பாளையக்காரர் கோபால நாயக்கர் திண்டுக்கல், கோவை வட்டாரத்துப் பாளையங்களைக் கூட்டுச் சேர்த்துக் கம்பெனியின் தூக்கத்தைக் கெடுத்தார். மறுவருஷம் கம்பெனி அவரைத் தூக்கிலிட்டது. 1801 டிசம்பர் 1-ஆம் தேதி கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரகடனம் செய்தார்: பாளையக்காரர்கள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகள் இடிக்கப்படும். பெரிய கிளைவின் பிள்ளைதான் இவர். அப்பன் கஜானாவைச் சேகரித்தார், பிள்ளை வேல்கம்பையும் துப்பாக்கியையும் சேகரித்தார்.

தமிழ்நாட்டில் உபரி ஆயுதங்களை வளைத்துப் போட்ட மிகப் பெரிய சேகரிப்பாளர் கிளைவின் மகன்தான் என்பது என் அபிப்பிராயம். அவருக்குச் செலவு ஒரு காகிதம். விருப்பாட்சியில் இன்று கோபால நாயக்கருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஆனாலும் சந்தையில் விருப்பாட்சி என்றால் முதலில் ஞாபகம் வருவது மலைவாழைப்பழம்தான். புவிசார் குறியீடு வாங்கிய பழம். துப்பாக்கியைப் பிடுங்கியவர்கள் வாழைத்தாரை விட்டுவிட்டார்கள்.

ஆயுதம் இல்லாமல் செய்வதில் கம்பெனிக்குப் பிறகு வந்த ராணி சர்க்கார் இன்னும் நுட்பம். 1857 கலகத்துக்குப் பிறகு, எஜமானுடைய துப்பாக்கிக்குச் சமமாகச் சிப்பாயின் துப்பாக்கியும் சுடக் கூடாது என்று முடிவு செய்தார்கள். என்ஃபீல்டு ரைபிள் மாதிரியிலேயே, குழலுக்குள் இருக்கும் வரிப்பள்ளம் இல்லாமல் வழவழவென்று ஒன்றைச் செய்து இந்தியச் சிப்பாய்க்குக் கொடுத்தார்கள். தூரத்துக்குத் தக்கபடி ஏற்றி இறக்கும் குறிக்காட்டிக்குப் பதிலாக அசையாத ஒரு கட்டி. தோற்றம் அப்படியே ரைபிள், மரம்கூட அதே மரம், குறிதான் தப்பும். அசலைப்போல் இருக்கும் போலியை முதலில் செய்தது சேகரிப்பாளர் அல்ல, சர்க்கார்.

கடைசியாக ஒரு தடவை இந்த மலைக்கு யுத்தம் வரப்போகிறதென்று எல்லோரும் நம்பினார்கள். 1942 ஏப்ரல். ஜப்பான்காரன் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு போட்டான். மெட்ராஸ் காலியானது. மிருகக்காட்சிசாலையில் கூண்டுக்குள் இருந்த சிங்கத்தையும் புலியையும் மலபார் ஸ்பெஷல் போலீஸை வரவழைத்துச் சுட்டுக் கொன்றார்கள். எதிரி வந்தால் கூண்டு உடைந்து மிருகம் தெருவுக்கு வந்துவிடுமாம். அந்தப் பீதியில் பட்டணத்தில் ரைபிள் தூக்கியவர்கள் குறிபார்த்த ஒரே இலக்கு கம்பிக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தது.

வெள்ளைக்காரர்கள் தப்பிப்பதற்கு வழி வேண்டுமே? பேரிஜம் வழியாக, வந்தரவு மலைச்சரிவில் 2,480 மீட்டர் உயரம் வரை ஏறி மூணாறுக்கு இறங்கும் பழைய பாதையைச் செப்பனிட்டார்கள். மெட்ராஸிலிருந்து கொடைக்கானல், கொடைக்கானலிலிருந்து மூணாறு, மூணாறிலிருந்து கொச்சி, கொச்சியில் கப்பல். ஜப்பான் கடற்படை சுற்றிக்கொண்டிருந்த இந்து மகா சமுத்திரத்துக்கே போய்ச் சேர்வதற்கு இத்தனை கொண்டை ஊசி வளைவுகள். ஜப்பான்காரன் மலைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ‘எஸ்கேப் ரோடு’ என்ற பெயர் நின்றுவிட்டது. 1990-இல் பாதையையும் மூடினார்கள். கோட்டையில்லாத கோட்டை வழியாக, எதிரியில்லாத போருக்கு, யாரும் தப்பிக்காத சாலை.

ஸ்னைப்பர் நகல் செய்ய முடியவில்லையே என்று ஏங்கும் நம் மரச்சாமான் கடைக்காரருக்கு ஒரு யோசனை. உலகத்திலேயே பெரிய அளவில் போலித் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் நம் என்.சி.சி.யும் உண்டு. ஆயுசு முடிந்த .303 ரைபிளை எடுத்து, சுட முடியாதபடி ஆக்கி, ‘டி.பி.’ என்று முத்திரை குத்தி, கவாத்துக்கு மட்டும் என்று காலேஜ்களுக்கு அனுப்புவார்கள். பழனி, திண்டுக்கல் மைதானங்களில் அதைத் தூக்கிக் கை மரத்துப்போகாத என்.சி.சி. பையன் குறைவு. நாலு கிலோ கனம், ஒரு குண்டு பிரயோசனம் இல்லை. கட்டையில் அளவு எழுத்து தேய்ந்திருக்கும். குறுக்கே இஷாபூர் திருகாணி மட்டும் பளபளக்கும்.

சேகரிப்பாளர் யாராவது ஆகஸ்ட் பதினைந்து காலையில் அந்த மைதானத்துப் பக்கம் வந்தால் அழுதுவிடுவார். வரிசையாக ஐம்பது பையன்கள், ஐம்பது கட்டைகள். “சலாமி சஸ்த்ர்!” என்றதும் ஐம்பது உள்ளங்கை மரத்தில் அறைய வேண்டும். துப்பாக்கியிலிருந்து வரக்கூடிய ஒரே சத்தம் அதுதான். அதிலும் ஹவில்தாருக்குத் திருப்தி கிடையாது.

“என்னடா, தடவிக் குடுக்குறீங்க? அறைங்கடா! கட்ட ஒடஞ்சா நான் பாத்துக்கறேன்!”